அமிலத்தில் உடையாத ரெசின் மணி தண்ணீரில் ஏன் உடைகிறது?

கேள்வி | 8 ஜூலை 2023, மாலை

எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக, தண்ணீரிலுள்ள அயனிகளை மாற்றிப் பிடித்துக்கொள்ளும் ரெசின் (அயனி மாற்று ரெசின்) செய்ய, ஸ்டைரீன், எட்டு சதவீத டைவினைல்பென்சீன் இரண்டையும் வைத்து மணி செய்தேன். கண்ணாடித் தெளிவில் நல்ல உருண்டையாக வந்தது. அதை 98 சதவீத கந்தக அமிலத்தில் போட்டு 100 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தேன். கறுத்தது. ஆறவிட்டு, அமிலத்தை வடித்து, மணியைத் தண்ணீரில் கொட்டினேன். படபடவென்று சத்தம். முக்கால்வாசி உடைந்துவிட்டது. முதல் கழுவல் தண்ணீர் பழுப்பாக வந்தது. கெபாசிட்டி (அயனியைப் பிடிக்கும் திறன்) கிராமுக்கு 2.1 மில்லி ஈக்விவலன்ட்தான் வருகிறது. கைடு, "அமிலத்தின் வீரியம் பத்தவில்லை, ஓலியம் போடு" என்கிறார். ஓலியம் (கந்தக ட்ரையாக்சைடு கரைந்த, புகையும் கந்தக அமிலம்) போட்டால் சரியாகுமா?

---

பதில் | 8 ஜூலை, இரவு

ஓலியம் வேண்டாம் தம்பி. உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. மணி உடைந்தது தண்ணீரால். கெபாசிட்டி வராதது அமிலம் உள்ளே போகாததால். ஓலியம் இரண்டுக்குமே மருந்தல்ல. புதிதாக மூன்றாவது சிக்கல் ஒன்றைக் கொண்டுவரும். நாளை விரிவாக எழுதுகிறேன். அதற்குள் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: எத்தனை கிராம் மணிக்கு எத்தனை கிராம் அமிலம் எடுத்தீர்கள்?

---

8 ஜூலை, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை, உடைந்த கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சல்ஃபோனேஷன், அதாவது அமிலத்தால் வளையத்தில் சல்ஃபோனிக் தொகுதியை ஏற்றுவது, முடிந்த மணிக்குத் தண்ணீர் மீது அடங்காத தாகம். ஒவ்வொரு பென்சீன் வளையத்திலும் ஒரு சல்ஃபோனிக் தொகுதி (அயனியைப் பிடிப்பது இதுதான்) உட்கார்ந்திருக்கிறது. அடர் அமிலத்துக்குள் இருக்கும் வரை அந்தத் தாகம் வெளியே தெரியாது, ஏனென்றால் சுற்றியிருக்கும் அமிலமும் அதே தண்ணீருக்குத்தான் ஏங்கிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்து நேராகத் தண்ணீரில் போட்டால் மேல்தோல் நொடியில் உப்புகிறது. நடுப்பகுதிக்குச் செய்தி போகவே இல்லை. கொண்டைக்கடலையை ஊறப்போட்டால் முதலில் தோல் மட்டும் பெரிதாகிச் சுருக்கம் விழும், பார்த்திருப்பீர்கள். கடலைத் தோல் சுருங்கிக்கொடுக்கும். கிராஸ்லிங்க் ஆன, அதாவது சங்கிலிகள் குறுக்கே பிணைந்த, பாலிமர் கொடுக்காது, பிளக்கும். போதாக்குறைக்கு மணிக்குள் தங்கிய அமிலம் தண்ணீர் பட்டதும் சூடாகிறது. நீங்கள் கேட்ட சத்தம் இந்த இரண்டும் சேர்ந்த சத்தம்.

எவ்வளவு உப்ப வேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டால் இன்னும் புரியும். 100 கிராம் மணி முழுதாக சல்ஃபோனேட் ஆனால் உலர்ந்த எடையில் 170 கிராமுக்குக் கிட்ட வரும். அதற்கு மேல் தன் எடைக்குச் சமமாகத் தண்ணீர் குடிக்கும். மொத்தத்தில் பருமன் ஏறத்தாழ மூன்று மடங்கு. அரை மில்லிமீட்டர் மணி 0.7 மில்லிமீட்டராகிறது. இந்த வளர்ச்சி மெதுவாக, உள்ளும் வெளியும் ஒரே சீராக நடந்தால்தான் மணி பிழைக்கும்.

அதனால் நான் வேலை பார்த்த மாதிரி ரெசின் ஆலையில் யாரும் நேராகத் தண்ணீர் விடமாட்டார்கள். முதலில் அடர் அமிலத்தை வடித்துவிட்டு 80 சதவீத அமிலம், பிறகு 60, 40, 20, 10 என்று இறங்கி, கடைசியில்தான் தண்ணீர். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, சூடு அடங்கிய பிறகு அடுத்தது. முந்தைய பேட்ச்சின் ஐந்தாம் கழுவல் இந்த பேட்ச்சுக்கு நான்காம் கழுவலாகும், அப்படிச் சுற்றிவிட்டால் அமிலமும் மிச்சம். நீங்கள் லேபில் செய்யும்போது இந்தக் கரைசல்களை முந்தின நாளே தயாரித்து ஆறவைத்துவிடுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

---

9 ஜூலை, காலை

20 கிராம் மணிக்கு 40 கிராம் அமிலம் என்று பதில் போட்டிருக்கிறார்.

தம்பி, 40 கிராம் அடர் அமிலம் என்பது வெறும் 22 மில்லி. 20 கிராம் மணி பாத்திரத்தில் 30 மில்லி இடம் பிடிக்கும். மணியைத் தாராளமாகக் கிளறுவதற்கே அமிலம் போதவில்லை!

அதிலும் இன்னொரு வம்பு உண்டு. மணியின் அடர்த்தி 1.05. அமிலம் 1.84. அமிலத்தில் போட்டதும் மணி முழுக்க மேலே மிதக்கும். ஆலையில் சேர்ந்த புதிதில் கிளாஸ் லைன்டு ரியாக்டரின் சைட் கிளாஸ் வழியாகப் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது: மேலே ஒரு முழம் கனத்துக்கு வெள்ளை மணிப் படலம், அடியில் எண்ணெய்ப் பதத்தில் அமிலம், நடுவே கிளறி சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. கிளறியின் இலை மேலிருந்து கீழே இழுக்கும் வகையாக இருக்க வேண்டும். வேகத்தையும் ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது, மணி அரைபட்டுவிடும். உங்கள் லேபில் காந்தக் கிளறி வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு மேலிருந்து இறக்கும் கண்ணாடிக் கிளறி வையுங்கள். அடியில் சுழலும் காந்தத் துண்டு மணியை மாவாக்கும்.

---

9 ஜூலை, மதியம்

அமிலக் கணக்கை முடித்துவிடலாம். ஒரு வளையத்தில் ஒரு சல்ஃபோனிக் தொகுதி ஏறும்போது ஒரு மூலக்கூறு தண்ணீர் வெளியே வருகிறது. அந்தத் தண்ணீர் எங்கும் போவதில்லை, அமிலத்தையே நீர்த்துப்போகச் செய்கிறது.

உங்கள் 20 கிராமும் முழுதாக வினைபுரிந்தால் 19 கிராம் அமிலம் செலவாகும், மூன்றரை கிராம் தண்ணீர் பிறக்கும். மிச்சமிருக்கும் அமிலம் 83 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்த வீரியத்தில் வினை நொண்டியடிக்கும். அதுவே 120 கிராம் அமிலம் எடுத்திருந்தால் எல்லாம் முடிந்த பிறகும் 94 சதவீதத்தில் நிற்கும். மணியைப் போல ஆறு மடங்கு அமிலம் எடுப்பதற்கு இதுதான் காரணம். உங்கள் கைடு சொன்னதிலும் ஒரு பாதி நியாயம் உண்டு. வீரியம் பத்தவில்லைதான். ஆனால் தொடக்கத்தில் அல்ல, முடிவில். அதற்கு அளவைக் கூட்ட வேண்டும்.

---

9 ஜூலை, இரவு

ஓலியம் கொண்டுவரும் மூன்றாவது சிக்கல் எது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வீரியமும் சூடும் அளவுக்கு மீறினால் ஏற்கெனவே ஏறிய சல்ஃபோனிக் தொகுதி பக்கத்து வளையத்தோடு கைகோத்து சல்ஃபோன் பாலமாகிவிடும். கெபாசிட்டி தர வேண்டிய தொகுதி வெறும் கிராஸ்லிங்க்காகக் கழிந்துபோகும். மணி இறுகும், ஈரப்பதம் குறையும், அயனி உள்ளே போய்வர நேரமாகும். போகட்டும், மாணவர் லேபில் ஓலியம் புகைந்துகொண்டு நிற்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

குளோரோசல்ஃபோனிக் அமிலம் பற்றியும் கேட்டிருக்கிறார். அது குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும், உண்மைதான். ஆனால் தண்ணீர் பட்டால் வெடிப்பு மாதிரி சீறும். அது பழகிய கைக்குரியது.

---

10 ஜூலை

கெபாசிட்டி 2.1 என்பது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. மணியை எப்படி எடை போட்டீர்கள்? துணியில் ஒற்றி ஈரத்தோடு போட்டீர்களா, உலர்த்திப் போட்டீர்களா?

---

10 ஜூலை, மாலை

ஈரத்தோடுதான் என்கிறார். இன்னொரு சாம்பிளை 105 டிகிரியில் உலர்த்திப் பார்த்ததில் ஈரம் 38 சதவீதமாம்.

அப்படியானால் கதை அவ்வளவு மோசமில்லை. ஒரு கிராம் ஈர மணியில் உலர் பொருள் 0.62 கிராம்தான். 2.1ஐ 0.62ஆல் வகுத்தால் 3.39. இதுதான் உங்கள் உண்மையான உலர் கெபாசிட்டி.

இனி இதை வைத்து மணிக்குள்ளே எட்டிப் பார்க்கலாம், இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்டைரீன் அலகின் எடை 104. சல்ஃபோனேட் ஆனால் 184. எல்லா வளையத்திலும் ஒன்று ஏறினால் உச்சம் 5.43. எட்டு சதவீத டைவினைல்பென்சீன் போட்ட மணியில் நடைமுறையில் 5.2 அளவுக்கு வரும். 5.2க்கு 3.39 என்றால் 65 சதவீதம் முடிந்ததாகத் தோன்றும். அப்படி இல்லை. வினை ஏற ஏற மணியின் எடையும் ஏறுகிறதே, அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 3.39 என்பது 48 சதவீத வளையம்தான். பாதி கூட ஆகவில்லை.

எந்தப் பாதி? வினை மணி முழுக்கப் பரவலாக நடப்பதில்லை, வெளியிலிருந்து உள்ளே ஓடு ஓடாக நகர்கிறது. வெளி ஓடு முழுதாக மாறியிருக்கும், நடுவே தொடப்படாத பாலிஸ்டைரீன் உருண்டை அப்படியே இருக்கும். கோளத்தின் கன அளவில் 52 சதவீதம் மிச்சம் என்றால் அந்த நடு உருண்டையின் ஆரம் மொத்த ஆரத்தில் 80 சதவீதம். அரை மில்லிமீட்டர் மணியின் ஆரம் 0.25 மில்லிமீட்டர். அதில் அமிலம் புகுந்தது வெளியே 0.05 மில்லிமீட்டர் மட்டும்! நான்கு மணி நேரமும் அந்த மெல்லிய ஓட்டில்தான் போயிருக்கிறது.

இப்போது உடைந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் குடித்துப் பெருக்கும் ஓடு, அதற்குள் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத கல் மாதிரி உருண்டை. உடையாமல் என்ன செய்யும்? இரண்டும் தனித்தனிப் பிரச்சினை என்று முதலில் எழுதினேன். காரணங்கள் தனித்தனிதான், ஆனால் ஒன்று மற்றதைப் பெரிதாக்குகிறது. பாதியில் நின்ற மணியை எவ்வளவு பக்குவமாகக் கழுவினாலும் ஓரளவு உடையும்.

---

11 ஜூலை

மைக்ராஸ்கோப் இருக்கிறதா? உடையாமல் தப்பித்த மணிகளில் சிலவற்றைத் தண்ணீரில் மூழ்க வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் விட்டுப் பாருங்கள். மணிக்குள் இன்னொரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் விளிம்புதான் அமிலம் நின்ற இடம்.

கூடவே இரண்டு போலராய்டு தாள் கிடைத்தால் மணிக்கு மேலும் கீழும் குறுக்காக வையுங்கள். பழைய கால்குலேட்டர் திரையைப் பிரித்தால்கூடக் கிடைக்கும். இறுக்கம் இல்லாத மணி இருளில் மறைந்துவிடும். உள்ளே இறுக்கம் சிக்கிய மணி நான்கு வெளிச்ச இதழும் நடுவே கறுப்புச் சிலுவையுமாக ஒளிரும். வெளிப்பார்வைக்கு முழுசாக இருந்தும் நாளைக்கு உடையப்போகும் மணியை இது இன்றைக்கே காட்டிக்கொடுக்கும்.

---

11 ஜூலை, இரவு

அமிலத்தை மையம் வரை எப்படிக் கொண்டுபோவது என்பதற்கு வருகிறேன். பாலிஸ்டைரீன் எண்ணெய் ஜாதி, அமிலம் தண்ணீர் ஜாதி. ஒன்றை ஒன்று நெருங்காது. நூறு டிகிரி வரை மணி இறுகிய கண்ணாடி நிலையில் வேறு இருக்கிறது. அதனால் அமிலம் போடுவதற்கு முன் மணியை ஒரு கரைப்பானில் ஊறவைப்பார்கள். ஆலைகளில் நெடுங்காலமாக இருப்பது எத்திலீன் டைகுளோரைடு, எங்கள் பேச்சில் ஈடிசி. மணி அதைக் குடித்து விரிந்து, சங்கிலிகளுக்கு நடுவே வழி திறந்துவிடும். ஈடிசி சல்ஃபோனேட் ஆகாது, அதுதான் அதன் பெரிய வசதி. 83.5 டிகிரியில் கொதிக்கும். முதல் சில மணி நேரம் 80 டிகிரிக்குள் வினையை ஓட்டி, அப்புறம் 110–120க்கு ஏற்றும்போது அது ஆவியாகி கண்டென்சர் வழியாகத் திரும்பக் கிடைத்துவிடும்.

ஊறவைக்கும் நேரத்தில் கஞ்சத்தனம் கூடாது. பெரிய மணிக்கு நேரம் அதிகம் வேண்டும். ஒரே பேட்ச்சில் சின்ன மணி முழுதாக மாறி, பெரிய மணி மட்டும் நடுவில் வெள்ளையாக நின்றால் ஊறியது போதவில்லை என்று அர்த்தம்.

---

12 ஜூலை

ஒரு வாசகர் கேட்கிறார்: "இவ்வளவு பாடு எதற்கு? வீணாகப் போகிற தெர்மாகோலை அமிலத்தில் போட்டால் ரெசின் ஆகாதா?"

தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், சல்ஃபோனேட்டும் ஆகும். ஆனால் அதில் டைவினைல்பென்சீன் கிடையாது, அதாவது சங்கிலிகளைப் பிணைக்கும் குறுக்குப் பாலம் இல்லை. சல்ஃபோனேட் ஆனதும் தண்ணீரில் கரைந்தே போய்விடும். கையில் மிஞ்சுவது பழுப்பு நிறக் கரைசல். அதற்கும் வேறு பயன்கள் உண்டு, ஆனால் குழாயில் நிரப்பித் தண்ணீர் விட முடியாது.

புராஜெக்ட் தம்பியும் இதைக் கவனிக்கவும். உங்கள் முதல் கழுவல் தண்ணீர் பழுப்பாக வந்தது என்றீர்களே, அது பாலத்தில் சிக்காமல் தனியே கிடந்த சங்கிலிகள் கரைந்து வருவது. நல்ல ரெசினிலும் கொஞ்சம் வரும். வெந்நீரில் சில தடவை கழுவினால் நிற்கும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கோளாறு மணி செய்த கட்டத்தில்.

---

12 ஜூலை, சற்று நேரம் கழித்து

அதையே கேட்கிறேன். எட்டு சதவீதம் டைவினைல்பென்சீன் என்று போட்டிருக்கிறீர்கள். பாட்டிலில் இருந்ததை அப்படியே எட்டு சதவீதம் எடுத்தீர்களா? கடையில் வருவது பெரும்பாலும் 55 சதவீதச் சரக்கு, மீதி எத்தில்வினைல்பென்சீன். அந்த மீதி சங்கிலியில் சேரும், பாலம் போடாது. உண்மையான எட்டு வேண்டுமானால் 100 கிராம் கலவையில் 14.5 கிராம் பாட்டில் சரக்கு இருக்க வேண்டும். எட்டு கிராம்தான் போட்டிருந்தால் உங்கள் மணி 4.4 சதவீத மணி. அது இன்னும் அதிகமாக உப்பும், இன்னும் எளிதாக நசுங்கும். லேபிளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

---

14 ஜூலை

ஆலையில் நடந்த ஒன்று. குஜராத்தில் நான் வேலை பார்த்த இடம், பெயர் வேண்டாம்.

அங்கே ஒரு வருடம் ஆர்டர் குவிந்தது. சல்ஃபோனேஷன் நேரத்தைக் குறைக்க முடியாது, குறைத்தால் கெபாசிட்டி கியூசியில் (தரச் சோதனையில்) மாட்டும். ஆகவே மேலிருந்து கழுவலில் கை வைத்தார்கள். ஐந்து படி மூன்றானது, நிறுத்தும் நேரம் பாதியானது. ரிப்போர்ட் எல்லாம் சுத்தமாக வந்தது. உடையாத மணி 95 சதவீதத்துக்கு மேல் என்றுதான் எழுதினோம். எண்ணிப் பார்த்தபோது அதுதான் உண்மையும்கூட.

எங்கள் ஷிப்டில் காகா என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு பெரியவர் இருந்தார். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர், ரியாக்டர் பக்கத்திலேயே தலை நரைத்தவர். சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை மணியைத் தண்ணீரோடு எடுத்து, டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து மெல்ல உருட்டுவார். நல்ல மணி உருளும்போது ஒளிப்புள்ளி அசையாமல் நிற்கும். மயிரிழை விரிசல் உள்ள மணியில் அந்தப் புள்ளி ஓரிடத்தில் வெட்டி மின்னும். "இந்தச் சரக்கு போகக்கூடாது" என்றார். எண்ணிக்கையில் முழு மணியாக இருப்பதை எதைச் சொல்லி நிறுத்துவது? போனது.

சில மாதத்தில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. டிஎம் பிளான்ட்டில் (தண்ணீரிலிருந்து உப்புகளை நீக்கும் ஆலை) கேட்டயான் படுகையின், அதாவது நேர்மின் அயனியைப் பிடிக்கும் ரெசின் அடுக்கின், அழுத்தம் ஏறுகிறது, ஸ்ட்ரெய்னரில் தூள் அடைக்கிறது. ரெசினைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ரீஜெனரேஷன் ஒவ்வொன்றிலும் அமிலமும் தண்ணீரும் மாறி மாறிப் படும்போது மணி சுருங்கி விரிகிறது. சோடியம் வடிவத்திலிருந்து ஹைட்ரஜன் வடிவத்துக்குப் போகும்போதே ஏழெட்டு சதவீதம் பெருக்கும். விரிசலோடு பிறந்த மணி அதை எத்தனை நாள் தாங்கும்? திருப்பி எடுத்த சரக்கின் நஷ்டம் மிச்சப்படுத்திய நேரத்தை விழுங்கிவிட்டது. கழுவலைப் பழையபடி மாற்றினார்கள். காகாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதிலிருந்து யார் ரெசின் செய்தாலும் முழு மணி எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள், அமிலம்–காரம் மாற்றி மாற்றி விட்டு எண்ணுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

---

15 ஜூலை

திருப்பூரிலிருந்து ஒருவர்: தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்னர் ரெசின் மூட்டை வெயிலில் கிடந்து காய்ந்துவிட்டது, அப்படியே நிரப்பலாமா?

நிரப்பாதீர்கள். காய்ந்த ரெசின் தண்ணீரைப் பார்த்தால் மேலே சொன்ன அதே கதைதான், படபடவென்று பிளக்கும். முதலில் கெட்டியான உப்புக் கரைசலில் ஊறவையுங்கள். உப்புக் கரைசலும் தண்ணீரை விட்டுக்கொடுக்காது, ஆகவே மணி மெதுவாகத்தான் குடிக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்துக்கொண்டே வாருங்கள். மூட்டையை நிழலில், உள்பை கட்டிய நிலையில் வையுங்கள்.

---

17 ஜூலை

ஈடிசி பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஆலையில் மூடிய ரியாக்டர், கண்டென்சர், ஆவி பிடிக்கும் ஏற்பாடு எல்லாம் இருக்கும். கல்லூரி லேபில்? அது 13 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவி விடுவது. ஆவி காற்றைவிடக் கனம், மேசையிலிருந்து வழிந்து தரையோடு ஓடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும் 2பி பட்டியலிலும் இருக்கிறது. ரெசினுக்குள் மிச்சம் தங்கும் ஈடிசி குடிநீர்ப் பயன்பாட்டுக்குத் தலைவலி. கரைப்பானே இல்லாமல் சூட்டைக் கூட்டிச் செய்யும் முறைக்கு சில ஆலைகள் நகர்ந்ததற்கு இதெல்லாம்தான் காரணம்.

உங்களுக்கு வேறு வழி சொல்கிறேன். மணியையே துளையுள்ளதாகச் செய்யுங்கள். டைவினைல்பென்சீனை உண்மையான 20 சதவீதத்துக்கு ஏற்றி, மோனோமரோடு (பாலிமராகும் முன் உள்ள ஸ்டைரீன் கலவையோடு) ஹெப்டேன் கலந்து பாலிமராக்குங்கள். ஹெப்டேன் மோனோமரில் கரையும், பாலிமரில் ஒட்டாது. அதனால் மணி இறுகும்போது உள்ளே நுண்ணிய துளைகளை விட்டுவிட்டு ஒதுங்கும். பிறகு நீராவி விட்டு ஹெப்டேனை முழுக்க ஓட்டிவிடுங்கள். மணி பால் வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். அமிலம் துளை வழியாகத் தானாகவே மையம் வரை போகும், ஈடிசி தேவையில்லை. கழுவும்போது உப்புவதும் குறைவு. கெபாசிட்டி 5.2 வராது, 4.7 வந்தால் நல்ல மணி. வினையூக்கியாகப் பெயர்பெற்ற ஆம்பர்லிஸ்ட் 15 இந்த ஜாதிதான்.

டொலுவீனைத் துளை போடப் பயன்படுத்துவார்களே என்று ஒருவர் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அதன் மிச்சம் மணிக்குள் இருந்தால் அதுவே சல்ஃபோனேட் ஆகிவிடும். உங்கள் அமிலத்தையும் தின்னும், கணக்கையும் குழப்பும். ஹெப்டேனுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

---

18 ஜூலை

விஷயத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். என் பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது. டாக்டர் ஒரு தூள் எழுதிக்கொடுத்தார், தண்ணீரில் கலக்கிக் குடிக்க. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: கால்சியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட். நாங்கள் டன் கணக்கில் செய்துகொண்டிருந்த அதே ரெசின், பொடியாக. குடலுக்குள் கால்சியத்தை விட்டுவிட்டுப் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். மணல் மென்ற மாதிரி இருக்கிறது என்று அவர் முகம் சுளிப்பார். அமெரிக்காவில் சோடியம் வடிவம் 1958இலேயே மருந்தாக அனுமதி பெற்றுவிட்டது. அன்று அவருக்குக் கலக்கிக் கொடுத்தபோது செய்த தொழில் மீது எனக்கு வந்த மரியாதை, எந்தச் சம்பள உயர்வும் தராதது.

---

20 ஜூலை

கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தங்கை, அயனி மாற்றத்தை முதலில் யார் கண்டுபிடித்தது என்று கேட்டிருக்கிறார்.

1850இல் இங்கிலாந்தில் தாம்சனும் வேயும், மண் வழியாக அம்மோனியம் உப்புக் கரைசலை விட்டால் கீழே கால்சியம் உப்பாக வருவதைப் பதிவு செய்தார்கள். மண்ணே அயனி மாற்றுகிறது. 1935இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் ஆடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் ஃபீனால் ரெசினில் அதைச் செய்துகாட்டினார்கள். சல்ஃபோனேட் செய்த நிலக்கரியும் புழக்கத்தில் இருந்தது. நாம் பேசிக்கொண்டிருக்கும் ஸ்டைரீன்–டைவினைல்பென்சீன் மணி, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த டி'அலேலியோவுடையது, 1944 கடைசியில் காப்புரிமை கிடைத்தது. எண்பது வருடமாக அடிப்படை மாறவில்லை என்பது எனக்கு வியப்புதான்.

எதிர்மின் அயனியைப் பிடிக்கும் அனயான் ரெசினையும் லேபில் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம் தங்கை. வழக்கமான வழி குளோரோமெத்தில் ஈதர் இல்லாமல் நகராது. அதோடு ஒட்டிவரும் பிஸ்-குளோரோமெத்தில் ஈதர் நுரையீரல் புற்றுநோய் கொடுப்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. அதைப் படிக்கலாம், செய்ய வேண்டாம்.

---

23 ஜூலை

கழுவிய அமிலத்தைச் சாக்கடையில் விட்டுவிட்டேன் என்று தம்பி சாதாரணமாக எழுதியிருக்கிறார். இதற்குச் சும்மா இருக்க மாட்டேன்.

ஒரு டன் மணிக்கு ஆறு டன் அமிலம் போகிறது. அதில் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாகத்தான் ரெசினில் சேர்கிறது. ஐந்து டன் பழுப்பு நிறத்தில், கரிமக் கழிவோடு வெளியே வருகிறது. முதலில் வடியும் அடர் அமிலத்தை மறுபடியும் தேற்றலாம்; ஓலியத்துக்கு ஆலையில் உண்மையான வேலை இங்கேதான், நீர்த்த அமிலத்தை 98க்குத் திரும்ப ஏற்றுவது. நடுத்தரத்தை உரம், உப்பு செய்பவர்களுக்குக் கொடுக்கலாம். கடைசிக் கழுவலுக்குச் சுண்ணாம்புதான் கதி, ஒரு டன் அமிலத்துக்கு ஒண்ணே முக்கால் டன் ஜிப்சம் விழும். அதையும் எங்காவது கொட்ட வேண்டும்.

2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் பகுதிகளுக்கு மாசுக் குறியீடு வெளியிட்டபோது குஜராத்தின் அங்கலேஷ்வர்தான் முதலிடம், 88.50. சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி, ரெசின் என்று எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் ஊர். அந்தப் பக்கம் ஓடும் ஆம்லா காடி ஓடையின் நிறத்தைப் பார்த்தவன் நான். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் பொருளைச் செய்ய இன்னொரு ஊரின் தண்ணீர் கெடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் 120 கிராமும் கணக்கில் சேரும். பெரிய பீக்கரில் சுண்ணாம்பைக் கரைத்து வைத்து, அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டு, பிஹெச் தாளில் பார்த்து, நடுநிலை ஆனதும் லேப் கழிவில் சேருங்கள். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

---

12 ஆகஸ்ட்

தம்பி துளை மணி செய்துவிட்டார்! டைவினைல்பென்சீன் பாட்டில் 55 சதவீதம்தான், இந்தத் தடவை கணக்குப் போட்டு எடுத்திருக்கிறார். ஆறு மடங்கு அமிலம், மேலிருந்து கிளறி, ஐந்து படிக் கழுவல். உடைந்த மணி அங்கொன்றும் இங்கொன்றும்தான், உலர் கெபாசிட்டி 4.5. மனசு நிறைந்தது.

4.5ஐ நம்புவதற்கு முன் டைட்ரேஷனை இப்படி ஒரு தடவை செய்துவிடுங்கள். ஹைட்ரஜன் வடிவத்தில், பிஹெச் தாள் சிவக்காத வரை கழுவிய மணியில், உலர் எடை ஒரு கிராமுக்குச் சமமான ஈர மணியை எடுத்து, 5 சதவீத உப்பு கலந்த 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 200 மில்லியில் ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். காலையில் மேல் கரைசலில் 50 மில்லி எடுத்து அமிலத்தால் டைட்ரேட் செய்து, நான்கால் பெருக்கி, 20இலிருந்து கழியுங்கள். ஈரப்பதத்துக்கு அதே பாத்திரத்திலிருந்து அதே நேரத்தில் எடுத்த சாம்பிளைத்தான் உலர்த்த வேண்டும். முந்தின நாள் எடுத்தது ஆகாது.

அதன் பிறகு ஒரு சிறு குழாயில் நிரப்பி, 4 சதவீத காரம், தண்ணீர், 5 சதவீத அமிலம், தண்ணீர் என்று மாறி மாறி விட்டுக்கொண்டே இருங்கள். முன்னும் பின்னும் மைக்ராஸ்கோப்பில் எண்ணி இரண்டு எண்ணிக்கையையும் இங்கே போடுங்கள்.

---

12 ஆகஸ்ட், இரவு

குழாயின் அடியில் கண்ணாடிப் பஞ்சு வைக்க மறக்காதீர்கள், தூள் இருந்தால் அதில் படிந்து தெரியும். மேலே கால்வாசி இடம் காலியாக விடுங்கள், மணி பெருக்கும்.